பருத்தியின் முதல் நாற்பது நாட்கள்

(வேளாண்மை மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பருத்தியைப் பற்றிப் பேச முற்படும்போது நாம் பெரும்பாலும் அறுவடையிலிருந்தே தொடங்குகிறோம். எத்தனை பேல் விளைந்தது, என்ன விலை கிடைத்தது, ஆலைகளின் தேவை நிறைவேறியதா என்பவையே நம் பேச்சில் முதலிடம் பெறுகின்றன. இன்று நான் மறுமுனையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். விதை மண்ணில் விழும் நாளுக்கும், செடியில் முதற் சப்பை தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நாற்பது நாட்கள். ஐந்தாறு மாதம் நிலத்தில் நிற்கும் ஒரு பயிருக்கு இது சிறிய காலமே. ஆயினும் இந்த நாட்களில் இழந்ததைப் பின்னர் எந்த உரத்தாலும், எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க இயலாது. ஆகவே, விதைப்பை நாட்காட்டியும் செய்தித்தாளும் முடிவு செய்யலாகாது; மண்ணின் ஈரமே முடிவு செய்யவேண்டும். நம் நிருவாக ஏற்பாடுகளும் அந்த முடிவுக்குத் துணைநிற்பவையாக அமையவேண்டும். இதுவே நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

நாட்டின் நிலை

உலகில் மிக அதிகமான நிலப்பரப்பில் பருத்தி பயிரிடும் நாடு இந்தியா. அண்மை ஆண்டுகளில் இப்பரப்பு 110 முதல் 130 இலட்சம் ஹெக்டேர் வரை இருந்து வந்திருக்கிறது. பயிரிடப்படும் நான்கு பருத்தி இனங்களும் விளையும் பெருமையும் நமக்கு உண்டு. ஆனால், ஹெக்டேருக்குக் கிடைக்கும் பஞ்சு ஏறத்தாழ 450 கிலோதான். உலகச் சராசரியோ 750 கிலோவுக்கும் மேல். இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது, நம் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரியாக இருப்பதாகும்.

நாட்டின் பருத்தி நிலத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிப்பது வழக்கம். பஞ்சாப், ஹரியானா, இராஜஸ்தான் அடங்கிய வட மண்டலத்தில் பயிர் பெரும்பாலும் இறவையில் நடைபெறுகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை விதைப்பு நிகழ்கிறது. குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் அடங்கிய நடு மண்டலத்திலும், தெலங்கானா, ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு அடங்கிய தென் மண்டலத்தின் பெரும்பகுதியிலும் விதைப்பு பருவமழையை எதிர்நோக்கியே இருக்கிறது. எனவே, தொடக்கக் காலத்து இடர்கள் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஒரே அறிவுரையை நாடு முழுவதற்கும் அனுப்புவது பயன் தராது.

விதை வேண்டுவன யாவை?

பருத்தி விதை முளைக்க வெப்பமும் ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். மண்ணின் வெப்பம் 15 அல்லது 16 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்குமானால் முளைப்பு தடைப்படும். 28 முதல் 30 டிகிரி அளவில் விரைந்து முளைக்கும். விதைப்பின் ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர். இவ்வளவும் ஒத்து அமைந்தால் ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் முளை வெளிவரும்.

அது வெளிவரும் முறையைக் கவனிக்கவேண்டும். நெல்லையும் சோளத்தையும் போல ஊசி முனையாக மண்ணைத் துளைத்து அது வெளிப்படுவதில்லை. தண்டு கொக்கிபோல் வளைந்து, இரண்டு விதையிலைகளையும் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. அகன்ற ஒரு பொருளை மண்ணின் வழியே மேலே தூக்கும் வேலை அது. விதைத்த மறுநாள் ஒரு வன்மழை பெய்து, அடுத்து வெயில் காய்ந்து, மேல்மண் ஓடுபோல் இறுகிவிட்டால், முளை அந்த ஓட்டுக்கு அடியிலேயே மடிந்து போகும். விதை தரமானதாக இருந்தும் வயல் வெறுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மண்ணுக்கு மேலே நடப்பதைவிட விரைவாகக் கீழே வளர்ச்சி நடைபெறுகிறது. விதையிலைகள் விரியும் வேளையிலேயே ஆணிவேர் ஒரு சாண் ஆழம் வரை சென்றுவிடக்கூடும். முதல் மாதத்தில் செடி மெலிந்து நிற்பதைக் கண்டு அது வளரவில்லை என்று எண்ணுவது தவறு. பின்னால் வரப்போகும் வறட்சியைத் தாங்குவதற்கான முதலீட்டை அது மண்ணுக்குள் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேர் இறங்கும் திசையில் ஈரம் இருக்கவேண்டும் என்பதே கேள்வி.

மழைச் செய்தியும் மண்ணின் ஈரமும்

விதர்ப்பம், மராத்வாடா, தெலங்கானா ஆகிய பகுதிகளில் மிருகசீரிடக் கார்த்தி பிறப்பதை, அதாவது ஜூன் 7-ஆம் நாளையொட்டிய காலத்தை, விதைப்பின் தொடக்கமாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். இக்காலத்தில் பெய்யும் முதல் மழை உழவரின் மனத்தில் பெரும் ஊக்கத்தை எழுப்புகிறது. ஆனால், கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணுக்கு ஓர் அங்குல மழை என்பது மேற்பூச்சு மட்டுமே. அது மேல் ஒரு சாண் மண்ணைக்கூட முழுமையாக நனைப்பதில்லை. விதை முளைக்க அந்த ஈரம் போதும். முளைத்த செடி பிழைக்க அது போதாது. கீழிறங்கும் வேர் காய்ந்த மண்ணைத் தொடுகிறது. மேலே வெயில் எரிக்கிறது. பத்து நாள் மழை இல்லாவிடில் செடி கருகுகிறது.

மகாராஷ்டிரத்தில், 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை மழை பெய்து மண் ஆழமாக நனைந்த பின்னரே விதைக்கவேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் வலியுறுத்தி வருவதன் காரணம் இதுவே. முதல் விதைப்புப் பொய்த்து மீண்டும் விதைப்பதை மராத்தியில் 'துபார் பேர்ணி' என்பர். இரண்டாம் விதைப்பு என்பது அதன் நேர்ப்பொருள். இரண்டாவது கடன் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

கேரளத்தில் பருவமழை தொடங்கிற்று என்னும் அறிவிப்பை நம்பி நடு இந்தியாவில் விதைப்பது எத்துணை இடர் நிறைந்தது என்பதற்கு இரண்டு ஆண்டுகளைச் சான்றாகக் கூறலாம். 2009-இல் கேரளத்தில் பருவமழை வழக்கமான ஜூன் 1-க்கு முன்பாக, மே 23-ஆம் நாளே தொடங்கியது. ஆனால், பின்னர் அது முன்னேறாது தங்கிவிட்டது. அவ்வாண்டு ஜூன் மாத மழை நாடு முழுவதிலும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்தது. 2025-இல் மே 24-ஆம் நாள் கேரளத்தை அடைந்த மழை, இரண்டு நாட்களில் மும்பையையும் எட்டியது. பின்னர் ஜூன் நடுப்பகுதி வரை இரண்டு வாரங்களுக்கு மேலாக மேற்கொண்டு நகரவில்லை. மழை முன்னதாக வருவது வேறு. வந்த மழை நிலைப்பது வேறு.

அங்ஙனமாயின், உழவர் ஏன் விரைகிறார்? அறியாமையால் அல்ல. பருவமழை அக்டோபரில் விதர்ப்பத்தை விட்டு நீங்குகிறது. ஆழம் குறைந்த மண்ணில், மழை நின்றபின் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே காய்கள் முற்றவேண்டும். விதைப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கடைசி ஈரத்திலிருந்து கழிக்கப்படுகிறது. முந்தினால் முளை கருகும். பிந்தினால் காய் சூம்பும். இவ்விரண்டு இழப்புகளுக்கும் இடையே அவர் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கிறார். அத்தேர்வில் அவருக்குத் துணை செய்வதே நம் கடமை. அவரைக் குறை கூறுவது அன்று.

மழைக்கு முன்னரே விதைக்கும் முறை ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு ஓரிரு வாரம் முன்பாக, விதையைக் கடினப்படுத்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. இது மேலே கூறியதற்கு முரண்பட்டதாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே விதியின் இரு பக்கங்கள். அந்த ஆழத்தில் கிடக்கும் விதையைச் சிறுதூறல் எட்டாது. நன்றாக நனைக்கும் மழையே அதை எழுப்பும். இங்கும் முடிவு மண்ணின் ஈரத்திடமே விடப்படுகிறது. ஆனால், ஆழத்தைக் கவனியாமல் மேலாகத் தூவிய புழுதி விதைப்பு வெறும் சூதாட்டமாகவே முடியும்.

முந்திய விதைப்பில் மற்றோர் இடரும் உண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் புழுக்கள் சென்ற ஆண்டின் தட்டைகளிலும் பழைய காய்களிலும் தங்கியிருக்கின்றன. அவற்றிலிருந்து அந்துப்பூச்சிகள் வெளிவரும் காலத்தில் வயலில் சப்பை இராவிட்டால் அவை இனம் பெருக்காமல் மடியும். முன்னதாக விதைத்த சில வயல்கள் இருந்தாலும் அவ்வட்டாரம் முழுவதற்கும் அவை புழு வளர்க்கும் பண்ணையாகிவிடும். ஒருவருடைய விதைப்பு நாள் அவருடைய அண்டை வீட்டாரின் விளைச்சலையும் பாதிக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

வடக்கின் வெயில்

வட மண்டலத்தில் மழைக்குக் காத்திருக்கும் நிலை இல்லை. ஆயினும் அங்கும் ஈரமே தலைமையான கேள்வி. கோதுமை அறுவடை முடிந்ததும் நிலத்துக்கு நிறையத் தண்ணீர் பாய்ச்சி, உழுவதற்கேற்ற பதம் வந்தபின் விதைப்பர். விதைப்புக்கு முந்திய இப்பாசனத்துக்கு அங்கே 'ரௌனி' என்று பெயர். அடுத்த நீரை நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே கொடுப்பது முறை. இடையில் நீர் கொடாதிருப்பது வேரை ஆழத்துக்கு அனுப்புவதற்காகவே.

இவ்வேற்பாடு வாய்க்கால் நீரின் நாளைப் பொறுத்து நிற்கிறது. ஏப்ரலில் பழுதுபார்ப்பதற்காக வாய்க்கால் மூடப்பட்டால், விதைப்பு மே மாதப் பிற்பகுதிக்குத் தள்ளப்படும். அப்போது மணற்பாங்கான நிலத்தில் தரை கொதிக்கிறது. இளஞ்செடியின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்து சாய்கிறது. புழுதிக்காற்று மற்றவற்றை மூடிவிடுகிறது. பிந்தி விதைத்த பயிர் இளமையாக இருக்கும்போதே வெள்ளை ஈ பெருகுகிறது. அது இலைச்சுருள் நச்சுயிரியையும் பரப்புகிறது. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈயால் நேர்ந்த பேரழிவுக்குப் பின், மே 15-க்குள் விதைப்பை முடிக்கவேண்டும் என்பது அங்கே பெரிதும் வலியுறுத்தப்படலாயிற்று. ஆகவே, பாசனத் துறையின் மூடல் அட்டவணையும் வேளாண்மைத் துறையின் விதைப்பு அட்டவணையும் ஒரே மேசையில் வைத்து எழுதப்பட வேண்டியவை.

விதையின் விலையும் செடியின் எண்ணிக்கையும்

முற்காலத்தில் அரவை ஆலையிலிருந்து பெற்ற மலிவான விதையைச் சாணிப்பாலில் பிசைந்து உலர்த்தி, அடர்த்தியாக விதைத்துப் பின்னர் களைத்து விடுவார்கள். பல முளைகள் ஒருசேர உந்தியதால் மேலோடு உடைந்தது; சில மடிந்தாலும் வரிசை நிறைந்திருந்தது. 1970-இல் சூரத்திலிருந்து உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தியான எச்-4 வெளிவந்தது. அதன் பின்னர், குழிக்கு ஒன்று, இரண்டு விதை ஊன்றும் முறை பரவியது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் ஏறக்குறைய நாடு முழுவதும் கலப்பின விதைக்கே மாறியது.

இம்மாற்றத்தின் கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பாக்கெட்டில் 450 முதல் 475 கிராம் விதை. எண்ணிக்கையில் சுமார் 5,000. வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 90 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 5,000 குழிகள். ஆக, குழிக்கு ஒரு விதை. கலப்பினப் பருத்தி விதைக்கு வகுக்கப்பட்ட குறைந்த அளவு முளைப்புத்திறன் 75 விழுக்காடு. விதை சட்டப்படி முழுத் தகுதியுடையதாக இருந்தும், நான்கில் ஒரு குழி வெறுமையாக இருக்க இடமுண்டு. மேலோடு, வறட்சி, பறவை, எறும்பு ஆகியவற்றின் சேதம் இதற்கு மேற்பட்டது. 2024-25-இல் ஒரு பாக்கெட்டுக்கு அரசு நிர்ணயித்த உச்சவிலை 864 ரூபாய். அதை இருமுறை வாங்க நேரும் சிறு உழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பரிகாரம் பெரிய தொழில்நுட்பம் அன்று. விதைக்கும் அதே நாளில், மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பிய சிறு பாலித்தீன் பைகளில் சில நூறு விதைகளை ஊன்றி வைக்கவேண்டும். பத்தாம் நாள் அளவில் வெறுங்குழிகளில் அந்நாற்றுகளை நட்டால், அவை ஒரே வயதுடையனவாக மற்றவற்றோடு வளரும். மூன்று வாரம் கழித்து விதையூன்றி இடைவெளி நிரப்பினால், அச்செடி அண்டைச் செடிகளின் நிழலில் தங்கி, இடத்தை அடைக்குமேயன்றிக் காய் தராது.

ஆழமற்ற மண்ணில் நெருக்கி நடும் முறையும் இப்போது பரவி வருகிறது. 90-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 74,000 செடிகள் நிற்கும். 90-க்கு 90 என்றால் 12,300 செடிகளே. செடி ஒன்றுக்குக் காய் குறைந்தாலும், அவை ஏககாலத்தில் முற்றி, ஈரம் தீருமுன் பயிர் முடிந்துவிடும். ஆனால், இம்முறைக்கு விதை ஆறு மடங்கு தேவை. குறைந்த விலையில் நல்ல விதை கிடைக்கச் செய்யாமல் இதைப் பரிந்துரைப்பது ஏட்டுச் சுரைக்காயே.

களையும் பூச்சியும் தேங்கும் நீரும்

பருத்தி தொடக்கத்தில் மெதுவாக வளரும், களையோ காத்திருப்பதில்லை. விதைத்த பதினைந்தாம் நாளிலிருந்து அறுபதாம் நாள் வரை களையில்லாமல் வைத்திருந்தால், அதன்பின் பயிரின் நிழலே களையை அடக்கும். வரிசைகளுக்கிடையே மாட்டுக் கருவி ஓட்டுவதால் களை நீங்குவதோடு, வெடிப்பு மூடி ஈரமும் காக்கப்படும். உளுந்து, தட்டைப்பயறு, துவரை போன்றவற்றை ஊடுபயிராக்குவது நிலத்தை மூடும். பருத்தி பொய்த்தால் வீட்டுக்கு உணவும் தரும்.

முதல் மாதத்தில் இலைப்பேன், அசுவினி, தத்துப்பூச்சி ஆகிய சாறு உறிஞ்சும் பூச்சிகள் தோன்றும். விற்கப்படும் கலப்பின விதை பெரும்பாலும் முன்னரே மருந்து நேர்த்தி பெற்றது. முதல் சில வாரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அக்காலத்தில் பூச்சியை எண்ணிப் பாராமல் மருந்து தெளிப்பது, பொறிவண்டையும் சிலந்தியையும் கொன்று, பின்னால் வரும் பூச்சிகளுக்கு வழிவிடுவதாகும். தழைச்சத்தை முதலிலேயே அள்ளி இடுவதும் அவ்வாறே. பசுமை மிகுந்த இளம்பயிரைத் தத்துப்பூச்சி விரும்பி நாடும். ஆகவே, அதைப் பகுதி பகுதியாகவே இடவேண்டும்.

வறட்சிக்கு அஞ்சும் அதே நிலத்தில் தேங்கும் நீருக்கும் அஞ்சவேண்டும். ஜூலையில் தொடர்ந்து மழை பெய்யும்போது, கரிசல் மண்ணில் வேருக்குக் காற்றில்லாமல் செடி மஞ்சள் பூத்து நின்றுவிடும். சரிவுக்குக் குறுக்காக விதைத்து, சில வரிசைகளுக்கு ஒரு சால் திறந்துவிட்டால், மிகுதி நீர் வடியும். மழை குறைந்த காலத்தில் அதே சால் நீரைப் பிடித்து வைக்கும்.

நிருவாகத்தின் பங்கு

இதுவரை கூறியவை உழவர் செய்ய வேண்டியவை. அலுவலர்களாகிய உங்களிடம் சில கேள்விகளை வைத்து முடிக்க விரும்புகிறேன்.

முதலாவது, மழைக்கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிவுரைகள் வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வெளிவருகின்றன. மகாராஷ்டிரத்தில் வருவாய் வட்ட அளவில் தானியங்கி வானிலை நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஆனால், உழவருக்குத் தேவைப்படும் செய்தி ஒன்றே: தம் வட்டத்தில் இதுவரை எத்தனை மில்லிமீட்டர் பெய்திருக்கிறது, விதைக்க இன்னும் எவ்வளவு வேண்டும்? இவ்விரண்டு எண்களையும் ஜூன் மாதத்தில் ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் நாள்தோறும் எழுதிவைக்கப் பெரும் செலவு ஆகாது.

இரண்டாவது, கடன். பயிர்க்கடன் ஜூலையில் கிடைக்குமானால் முதல் விதை வட்டிக்கடையில் வாங்கிய பணத்தில்தான் விதைக்கப்படும். விதைப்புக்கு முன்பே கடன் வழங்கப்படுவதோடு, மறுவிதைப்பு நேர்ந்தால் எடுத்துக்கொள்ள ஒரு சிறு பகுதி அதே கணக்கில் நிறுத்திவைக்கப்படுவதும் நலம்.

மூன்றாவது, காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு காப்பீட்டு அலகின் பரப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்க இயலாது போனால், காப்புத்தொகையில் 25 விழுக்காடு வழங்க வகையுண்டு. இது அலகு முழுவதையும் பொறுத்த கணக்கு. சுற்றிலும் மழை பெய்து தம் வயலில் மட்டும் முளை கருகிய உழவர் இதில் இடம்பெறுவதில்லை. தொடக்கக் காலத்து இழப்பு பெரும்பாலும் இத்தகைய சிதறிய இழப்பே என்பதைத் திட்டம் வகுப்போர் கருதவேண்டும்.

நான்காவது, மாற்று ஏற்பாடு. ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டந்தோறும் வறட்சி, பிந்திய மழை ஆகியவற்றுக்கான மாற்றுத் திட்டங்களை வகுத்தளித்திருக்கிறது. ஜூலை பாதி கடந்தபின் பருத்தியை விட்டுத் துவரைக்கோ குறுகிய காலப் பயிருக்கோ மாறுமாறு ஏட்டில் எழுதியிருக்கிறது. அந்த நாளில் அந்த விதை வட்டாரக் கிடங்கில் இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையேல், உழவர் கையில் கிடைத்த பருத்தி விதையையே மறுபடியும் ஊன்றுவார்.

நண்பர்களே, பருத்தி விளைச்சலைப் பற்றிய நம் அறிக்கைகள் மார்ச்சில் எழுதப்படுகின்றன. அவற்றில் காணும் குறைவின் ஒரு பெரும்பகுதி முந்திய ஜூன், ஜூலையிலேயே வயலில் எழுதப்பட்டுவிட்டது. அடுத்த பருவத்தில் மாணவர்கள் ஒரு வயலைத் தேர்ந்து, விதைத்த பதினைந்தாம் நாள் குழிகளையும் செடிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலர்கள் தத்தம் வட்டாரத்தில் மறுவிதைப்பு நிகழ்ந்த ஏக்கர்களைத் தனியே பதிவு செய்யுங்கள். எண்ணப்படாத இழப்புக்குப் பரிகாரம் தேடுவார் எவரும் இலர். அதை எண்ணத் தொடங்குவதே நாம் செய்யத்தக்க முதற்பணி.